கணிப்பொறிகளின் வருகைப் பதிவேடு

பள்ளிக்கூடத்தில் காலையில் நடைபெறும் முதல் வேலை வருகைப் பதிவு. ஆசிரியர் பெயரைப் படிக்கிறார். ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் எழுகிறது. குரல் எழாத பெயருக்கு எதிரே ஒரு குறி விழுகிறது. இத்துணை எளிய வேலையைக் கணிப்பொறிகளின் கூட்டத்திற்குச் செய்து முடிக்கும் பொருட்டு விஞ்ஞானிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அவ்வேலை அவ்வளவு எளியதன்று. அது எக்காரணத்தால் கடினமாயிற்று, அக்கடினத்தை எவ்வாறு சமாளிக்கின்றனர் என்பவற்றை இக்கட்டுரையில் கவனிப்போம்.

இக்காலத்தில் பெரிய கணிப்பணி எதனையும் ஒரே கணிப்பொறி செய்து முடிப்பதில்லை. 2016-ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கப்பெற்ற யு.பி.ஐ. முறையில் ஒருவர் கடைக்காரருக்குப் பணம் செலுத்துவதாகக் கொள்வோம். செலுத்துவோரின் வங்கி, பெறுவோரின் வங்கி, இவ்விரண்டையும் இணைக்கும் மத்திய அமைப்பு ஆகிய யாவும் அதில் பங்கு கொள்கின்றன. அடையாளத்தைச் சரிபார்ப்பது ஒரு வேலை. இருப்பைக் கழிப்பது ஒரு வேலை. கணக்கில் வரவு வைப்பது ஒரு வேலை. செய்தி அனுப்புவது மற்றொரு வேலை. இவ்வாறு ஒரு தனி வேலையை மேற்கொண்டு, கேட்போருக்கெல்லாம் விடையளித்தவண்ணம் இயங்கும் மென்பொருளைச் ‘சேவை’ என்று அழைக்கின்றனர். ஒரே சேவை பல பிரதிகளாகப் பல கணிப்பொறிகளில் ஒரே சமயத்தில் இயங்கும். கூட்டம் பெருகினால் புதிய பிரதிகள் எழுப்பப்படும். கூட்டம் குறைந்தால் சில நிறுத்தப்படும். சில தாமாகவே பழுதுற்று நின்றுவிடும்.

ஆகவே, ஒரு சேவை மற்றொன்றின் உதவியை நாடும்பொழுது இரு வினாக்கள் எழுகின்றன. அது எங்கே இருக்கிறது? இப்பொழுது பணியில் இருக்கிறதா? இவ்விரண்டிற்கும் விடை கூறும் ஏற்பாடே சேவைப் பதிவேடு. முதல் வினாவிற்கு விடை காண்பது அவ்வளவு கடினமன்று. இரண்டாவது வினாவே விஞ்ஞானிகளைப் பெரிதும் சிந்திக்க வைத்தது.

பெயரும் முகவரியும்

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்னும் கணிப்பொறி வலையமைப்பு நான்கு நிலையங்களுடன் தொடங்கிற்று. அதில் இணைந்த கணிப்பொறிகளின் பெயர்களும் முகவரிகளும் அடங்கிய பட்டியல் ஒன்று, பின்னர் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பராமரிக்கப்பெற்றது. எலிசபெத் ஃபெயின்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய செய்தி மையம் அப்பொறுப்பை ஏற்றிருந்தது. புதிய கணிப்பொறியை நிறுவியவர்கள் மையத்திற்குத் தெரிவிப்பார்கள். மையத்தினர் பட்டியலில் சேர்ப்பார்கள். வாரத்திற்கு ஓரிரு முறை புதிய பட்டியல் வெளியாகும். ஏனையோர் அதனை நகல் எடுத்துக்கொள்வார்கள்.

கணிப்பொறிகள் சில நூறாக இருந்தவரை இம்முறை போதுமானதாக இருந்தது. தொகை பெருகவே பட்டியல் பருத்தது; நகல் எடுப்போரின் நெரிசலும் மிகுந்தது. ஒருவர் கையிலுள்ள நகலும் மையத்திலுள்ள மூலமும் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. 1983-ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த பெயர் முறை இந்நிலையை மாற்றியது. இன்று இணையம் முழுவதும் வழக்கிலுள்ள டி.என்.எஸ். என்பது அதுவே. ஒரே பட்டியலுக்குப் பதிலாக ஒரு மரத்தின் கிளைகளைப் போலப் பொறுப்பு பிரித்தளிக்கப்பட்டது. ஒவ்வொரு கிளைக்கு உரியவரும் தம் பகுதியைத் தாமே பராமரிப்பர்.

இம்முறையில் ஒரு நுட்பம் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. முகவரியைக் கூறும்பொழுதே, அந்த விடையை எத்தனை விநாடி வரை நம்பலாம் என்பதும் சேர்த்துக் கூறப்படுகிறது. அக்காலம் கடந்ததும் விடையைத் தள்ளிவிட்டு மீண்டும் கேட்க வேண்டும். கூறப்படும் உண்மைக்கு ஆயுள் உண்டு என்னும் இக்கருத்து பிற்காலத்துப் பதிவேடுகள் அனைத்திற்கும் அடிப்படையாயிற்று.

எனினும் டி.என்.எஸ். முறை முகவரியைத்தான் கூறுகிறது. அம்முகவரியில் ஆள் இருக்கிறாரா என்பதைத் தானாகக் கூறுவதில்லை. தந்தியில் விலாசம் சரியாக இருந்தும் வீடு பூட்டிக் கிடப்பதைப் போன்றது இது.

துடிப்பும் குத்தகையும்

வீட்டில் ஆள் இருப்பதை அறிய எளிய வழி, அவரே அவ்வப்பொழுது குரல் கொடுப்பது. இயங்கும் ஒவ்வொரு சேவையும் குறித்த இடைவெளியில் பதிவேட்டிற்கு ஒரு சிறு செய்தி அனுப்புகிறது. இதற்கு நாடித்துடிப்பை ஒப்புமையாக்கித் ‘துடிப்புச் செய்தி’ என்று பெயரிட்டுள்ளனர். செய்தி வந்துகொண்டிருக்கும் வரை பெயர் பட்டியலில் இருக்கும். நின்றுவிட்டால் பெயர் நீக்கப்படும்.

1989-ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி கிரே, டேவிட் செரிட்டன் ஆகியோர் ‘குத்தகை’ என்னும் முறையைக் கோப்புகளின் நகல்களைப் பற்றிய ஆராய்ச்சியில் விளக்கினர். உரிமை குறித்த காலத்திற்கு மட்டுமே வழங்கப்படும். புதுப்பிக்காவிடில் தானாகவே காலாவதியாகும். நின்றுபோன கணிப்பொறி ‘நான் நின்றுவிட்டேன்’ என்று சொல்லிவிட்டுப் போகாது. ஆதலின், சொல்லாமல் போனாலும் உரிமை தானே முடிவுறும் ஏற்பாடு மிக்க பயனுடையதாயிற்று. சேவைப் பதிவேடுகளும் இம்முறையையே கையாளுகின்றன.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் உபயோகத்திற்கென ஆக்கி, 2012-ஆம் ஆண்டு யாவருக்கும் வழங்கிய ‘யூரேகா’ என்னும் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். அதில் சேவைகள் வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு முறை துடிப்புச் செய்தி அனுப்புகின்றன. 90 விநாடி வரை செய்தி வராவிடில் பெயர் நீக்கத்திற்குரியதாகிறது. இவ்வெண்களின் விளைவைச் சற்றுக் கணக்கிடுவோம். செய்தி அனுப்பிய மறுகணமே ஒரு சேவை பழுதுற்றால், அதன்பின் 90 விநாடி வரை அது பட்டியலில் உயிருடன் இருப்பதாகவே காட்சியளிக்கும். அவ்வளவு நேரமும் அதனை நாடி வருவோர் ஏமாற்றம் அடைவர்.

அப்படியாயின் இடைவெளியைக் குறைத்துவிடலாமே என்று தோன்றலாம். 10,000 பிரதிகள் 30 விநாடிக்கு ஒரு முறை செய்தி அனுப்பினால் பதிவேட்டிற்கு விநாடிக்கு ஏறத்தாழ 333 செய்திகள் வரும். விநாடிக்கு ஒரு முறை அனுப்பினால் 10,000 வரும். செலவு ஒருபுறம் இருக்க, இதைவிடப் பெரிய இடையூறு ஒன்றும் உண்டு. காத்திருக்கும் காலத்தைக் குறைக்கக் குறைய, உயிருள்ளவற்றை இறந்தவையெனத் தவறாகக் கருதும் வாய்ப்பு மிகுகிறது.

மௌனத்தின் பொருள்

துடிப்பு வரவில்லை. காரணம் யாது? சேவை பழுதுற்றிருக்கலாம். சேவை நலமாக இருந்து, இடையிலுள்ள கம்பித் தொடர்பு அறுந்திருக்கலாம். சேவையும் தொடர்பும் நலமாக இருந்து, வேலைப் பளுவினால் செய்தி தாமதப்பட்டிருக்கலாம். அல்லது, பதிவேட்டிற்கே வேலை மிகுந்து, வந்த செய்தியை இன்னும் படிக்காமல் இருக்கலாம். காத்திருப்பவருக்கு இந்நான்கும் ஒன்றுபோலவே தோன்றும். அனைத்தும் மௌனமே.

இது கருவிகளின் குறைபாட்டால் நேர்வதன்று. பிரச்சினையின் இயல்பிலேயே உள்ளது. 1985-ஆம் ஆண்டு மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பாட்டர்சன் ஆகிய மூவரும் புகழ்பெற்ற முடிவொன்றைக் கணித முறையில் நிறுவினர். செய்தி வந்து சேர எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு வரம்பே இல்லாத அமைப்பில், ஓர் உறுப்பினர் நின்றுபோகக்கூடும் என்றால்கூட, எஞ்சியோர் தவறாமல் ஒருமித்த முடிவுக்கு வருவர் என்று உறுதியளிக்கும் நிலையான விதிமுறை எதுவும் இருக்க இயலாது என்பதே அம்முடிவு. மெதுவாக இயங்குவதையும் நின்றுபோனதையும் பிரித்தறிய வழியின்மையே இதன் அடிப்படை.

எனில் முயற்சியைக் கைவிட வேண்டியதுதானா? அன்று. துஷார் தீபக் சந்திரா, சாம் டூயெக் என்னும் இருவர் 1996-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி வேறொரு வழியைக் காட்டிற்று. பழுதைக் கண்டறியும் கருவி ஒருபொழுதும் தவறக்கூடாது என்று கோருவதை அவர்கள் விட்டுவிட்டனர். அது சில சமயம் தவறாகச் சந்தேகிக்கலாம். பின்னர் தன் சந்தேகத்தைத் திருத்திக்கொள்ளலாம். உண்மையாகவே இறந்தவற்றை என்றேனும் கண்டுகொண்டு, உயிருள்ளவற்றுள் ஒன்றையேனும் ஒரு கட்டத்திற்குப்பின் சந்தேகியாமல் விட்டால், பெரும்பாலோர் நலமாக உள்ள கூட்டம் ஒருமித்த முடிவை எட்டலாம் என்று அவர்கள் காட்டினர்.

ஆகவே, பதிவேட்டில் காணப்படுவது உறுதியான அறிவன்று. திருத்தத்திற்கு உட்பட்ட ஊகம். ‘இச்சேவை உயிருடன் உள்ளது’ என்று அது கூறுவதன் உண்மைப் பொருள், ‘சற்று முன்பு வரை இதன் குரல் கேட்டது’ என்பதே.

அயலாரின் சாட்சியம்

ஊகம் என்றபோதிலும் அதனை நல்ல ஊகமாக ஆக்க வழியுண்டு. ஒருவரின் சொல்லை மட்டும் நம்பாமல் அயலாரையும் விசாரிப்பது அவ்வழி. 2002-ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் அபிநந்தன் தாஸ், இந்திரனில் குப்தா, ஆஷிஷ் மோத்திவாலா ஆகியோர் ‘ஸ்விம்’ எனப் பெயரிட்டு வகுத்த முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இம்முறையில் மத்திய ஆசிரியர் என ஒருவர் இல்லை. ஒவ்வொரு உறுப்பினரும் குறித்த கால இடைவெளியில் வேறோர் உறுப்பினரைத் தேர்ந்து ‘நலமா?’ என்று விசாரிக்கிறார். விடை வந்தால் அவ்வளவே. வாராவிடில் உடனே இறந்ததாகத் தீர்மானிப்பதில்லை. வேறு சிலரை அழைத்து, ‘நீங்கள் விசாரித்துப் பாருங்கள்’ என்று வேண்டுகிறார். தம்மிருவருக்கும் இடையிலுள்ள பாதை மட்டுமே பழுதாயிருப்பின், மற்றவர்களுக்கு விடை கிடைத்துவிடும். அவர்களுக்கும் கிடைக்காவிடில் அப்பெயர் ‘சந்தேகத்திற்குரியது’ என்று அறிவிக்கப்படுகிறது. சந்தேகிக்கப்பட்டவருக்கு மறுத்துரைக்கவும் அவகாசம் உண்டு. ‘நான் இருக்கிறேன்’ என்று அவர் கூறினால் சந்தேகம் நீங்கும். அவகாசம் கழிந்தால் மட்டுமே பெயர் நீக்கப்படும்.

இச்செய்திகளைப் பரப்புவதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. விசாரிக்கும் செய்தியோடும் விடையோடும் அவை ஒட்டிக்கொண்டு செல்கின்றன. ஊரில் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குப் பேச்சுப் பரவுவது போலச் செய்தி விரைவில் எங்கும் எட்டிவிடும். ஒவ்வொருவரும் மற்ற அனைவரையும் விசாரிப்பதாயின் 1,000 பேர் கொண்ட கூட்டத்தில் ஒரு சுற்றுக்கு 9,99,000 விசாரணைகள் தேவைப்படும். ஸ்விம் முறையிலோ கூட்டம் எவ்வளவு பெருகினும் ஓர் உறுப்பினருக்கு விழும் சராசரிச் சுமை மாறுவதில்லை. 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கன்சல்’ போன்ற பதிவேடுகள் இம்முறையைத் தழுவியே உறுப்பினரைக் கண்காணிக்கின்றன.

உயிர் வேறு, ஆயத்தம் வேறு

உயிருடன் இருப்பவர் எல்லாரும் வேலைக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. அப்பொழுதுதான் தொடங்கிய சேவை தனக்கு வேண்டிய தகவல்களைச் சேகரித்துக்கொண்டிருக்கலாம். வேறொன்று தான் சார்ந்திருக்கும் தகவல் சேமிப்பு எட்டாததால் காத்துக்கொண்டிருக்கலாம். 2014-ஆம் ஆண்டு கூகிள் நிறுவனம் வெளியிட்ட ‘குபர்நெட்டீஸ்’ என்னும் அமைப்பில் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பரிசோதனைகள் உள்ளன. உயிர்ப் பரிசோதனையில் தோற்றால் சேவை நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கப்படும். ஆயத்தப் பரிசோதனையில் தோற்றால் அது நிறுத்தப்படுவதில்லை; அதனிடம் புதிய வேலை அனுப்புவது மட்டும் நிறுத்தி வைக்கப்படும். காய்ச்சலுற்ற தொழிலாளியை ஓய்வெடுக்கச் சொல்வதற்கும் வேலையிலிருந்தே நீக்குவதற்கும் உள்ள வேற்றுமை இது.

பதிவேட்டிற்கே நோய் வந்தால்

இதுவரை சேவைகளின் பழுதைப் பற்றிப் பேசினோம். பதிவேடும் ஒரு மென்பொருளே, அதுவும் பழுதுறும். ஆதலின் அதனை மூன்று அல்லது ஐந்து பிரதிகளாக வைத்து, பெரும்பான்மைப் பிரதிகள் ஏற்றுக்கொண்ட மாற்றத்தையே செல்லுபடியாக்கும் வழக்கம் பல அமைப்புகளில் உள்ளது. ஐந்தில் இரண்டு நின்றாலும் எஞ்சிய மூன்றும் வேலையை நடத்தும். வலையமைப்பு இரண்டாகப் பிளந்தால் பெரும்பான்மை ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்க முடியுமாகையால், இரு முரண்பட்ட பட்டியல்கள் எழுவதில்லை. ஆனால் சிறுபான்மைப் பக்கத்தில் சிக்கியவர்கள் புதிதாக எதையும் பதிய இயலாது.

யூரேகா வேறொரு கொள்கையைக் கையாளுகிறது. எதிர்பார்த்த துடிப்புகளில் 85 சதவீதத்திற்கும் குறைவாகவே வந்தால், அது பெயர்களை நீக்குவதையே நிறுத்திக்கொள்கிறது. காரணம் எளியது. ஒரு மாணவன் குரல் கொடாவிடில் அவன் வரவில்லை எனலாம். வகுப்பில் பாதிப்பேர் குரல் கேட்கவில்லையெனில் ஆசிரியர் தம் காதைச் சோதித்துக்கொள்வதே அறிவுடைமை.

இதற்கு முற்றிலும் எதிரான கொள்கையை ரயில் பாதையில் காண்கிறோம். அடுத்த நிலையத்திலிருந்து ‘லைன் கிளியர்’ கிடைக்கும் வரை நிலைய அதிகாரி வண்டியை அனுப்புவதில்லை. அங்கே மௌனம் அபாயமாகவே கொள்ளப்படுகிறது. தாமதத்தால் வரும் நட்டம் சிறிது, மோதலால் வரும் நட்டம் பெரிது என்பதால் அதுவே அங்கு முறை. சேவைப் பதிவேட்டிலோ தவறாக நீக்குவதற்கும் நட்டம் உண்டு. பத்துப் பிரதிகள் விநாடிக்கு 100 வேண்டுகோள் வீதம் 1,000 வேண்டுகோள்களை ஏற்று வருவதாகக் கொள்வோம். ஆறு பிரதிகள் தவறாக நீக்கப்பட்டால் எஞ்சிய நான்கின் மீதும் 250 வீதம் விழும். அச்சுமையால் அவையும் தாமதப்படும். தாமதத்தால் அவையும் நீக்கப்படும். நோயாளி இல்லாத இடத்தில் மருந்தே நோயாகிவிடும்.

2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றதில் இவ்வகை நிகழ்ச்சி ஒன்று அடங்கியிருந்தது. பராமரிப்பு வேலையின்போது இடப்பட்ட ஒரு கட்டளையால் அதன் தகவல் மையங்களை இணைக்கும் உள்வலையமைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் டி.என்.எஸ். கணிப்பொறிகள் நலமாகவே இயங்கின. ஆனால் தகவல் மையங்களை எட்ட இயலாவிடில் தம்மைப் பழுதுற்றவையாகக் கருதி விலகிக்கொள்ளுமாறு அவற்றிற்கு விதிக்கப்பட்டிருந்தது. ஒன்றிரண்டு விலகியிருந்தால் அவ்விதி நன்மையே செய்திருக்கும். அன்று அனைத்தும் ஒருசேர விலகின. ஃபேஸ்புக்கின் பெயரே இணையத்தில் கிட்டாமற் போயிற்று.

2025 அக்டோபர் 20

இதுவரை கூறிய இடர்கள் ஒரே நாளில் அடுத்தடுத்துத் தோன்றிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமேசான் நிறுவனத்தின் கணிப்பொறிச் சேவைப் பிரிவு, அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் பெரிய தகவல் மையங்களை நடத்துகிறது. அங்குள்ள ‘டைனமோ டி.பி.’ என்னும் தகவல் சேமிப்பு, எண்ணற்ற பிற சேவைகளுக்கு ஆதாரமானது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, இந்திய நேரப்படி நண்பகல் கடந்த சிறிது நேரத்தில், அதன் பெயருக்குரிய முகவரிகள் அனைத்தும் டி.என்.எஸ். பதிவிலிருந்து மறைந்தன.

முகவரிப் பட்டியலைத் தானியங்கி மென்பொருளே மாற்றியமைத்து வந்தது. ஒன்று திட்டம் வகுக்கும். தனித்தனியே இயங்கும் மற்றவை அத்திட்டத்தை நிறைவேற்றும். அன்று நிறைவேற்றுபவற்றுள் ஒன்று வழக்கத்திற்கு மாறாகத் தாமதப்பட்டது. தன் திட்டம் புதியது என்பதை அது தொடக்கத்தில் சரிபார்த்திருந்தது. ஆனால் வேலையை முடிப்பதற்குள் அச்சோதனையே பழையதாகிவிட்டது. அது பழைய திட்டத்தைப் புதியதன்மேல் எழுதிற்று. அதே சமயத்தில் மற்றொன்று பழைய திட்டங்களைத் துப்புரவு செய்யத் தொடங்கி, அப்பழைய திட்டத்தையே அழித்துவிட்டது. பட்டியல் வெறுமையாயிற்று. டைனமோ டி.பி. இருந்தும் அதனிடம் செல்ல வழி இல்லை. ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்திற்குப்பின் முகவரிகள் மீட்கப்பட்டன.

துன்பம் அத்துடன் தீரவில்லை. அம்மையங்களில் உள்ள கணிப்பொறிகளை நிர்வகிக்கும் பகுதி, ஒவ்வொன்றிற்கும் ஒரு குத்தகை வைத்துப் புதுப்பித்து வருவது. அதற்குரிய சோதனை டைனமோ டி.பி.யைச் சார்ந்திருந்தமையால், இடைப்பட்ட நேரத்தில் குத்தகைகள் காலாவதியாகி வந்தன. டைனமோ டி.பி. மீண்டதும் அவையனைத்தையும் புதுப்பிக்க முயன்றபொழுது வேலை மலைபோற் குவிந்தது. ஒரு குத்தகையைப் புதுப்பித்து முடிப்பதற்குள் அதன் காலவரம்பு கடந்துவிடவே, மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. பொறியியல் வல்லுநர்கள் வரும் வேலையைக் கட்டுப்படுத்தி, சில பகுதிகளை நிறுத்தித் தொடங்கிய பிறகே நிலைமை சீர்பட்டது.

மூன்றாவதாக, வேலையைப் பங்கிட்டளிக்கும் பகுதியில், புதிதாகத் தொடங்கிய கணிப்பொறிகளுக்கு வலையமைப்பு இணைப்பு முழுமை பெறுவதற்கு முன்பே நலப் பரிசோதனை நடந்தது. நலமாக இருந்தவையும் தோற்றன, நீக்கப்பட்டன, அடுத்த பரிசோதனையில் தேறி மீண்டும் சேர்க்கப்பட்டன. இறுதியில் வல்லுநர்கள், பரிசோதனையில் தோற்றவற்றைத் தானாக விலக்கும் ஏற்பாட்டையே தற்காலிகமாக நிறுத்திவைத்தனர். பாதுகாப்பிற்கென அமைத்த ஏற்பாட்டை நிறுத்தியதால் அப்பகுதியின் பாதுகாப்பு மீண்டது என்பது சிந்திக்கத்தக்கது.

அறிய வேண்டுவன

மேற்கூறிய நிகழ்ச்சிகளை ஒருசேர நோக்கினால் சில உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, பதிவேடு என்றும் கடந்த கணத்தின் படமே. அதனை நிகழ்காலமாகக் கொண்டு திருத்த இயலாத செயல்களைச் செய்தல் ஆகாது. இரண்டாவது, ஒன்றை நீக்குவது எளிதாகவும், எல்லாவற்றையும் நீக்குவது அரிதாகவும் இருக்குமாறு விதிகளை அமைக்க வேண்டும். மூன்றாவது, பதிவேட்டைக் கண்காணிக்கும் கருவிகள் அப்பதிவேட்டையே சார்ந்திருத்தல் கூடாது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ‘ரோப்லாக்ஸ்’ என்னும் விளையாட்டு நிறுவனத்தின் சேவை 73 மணி நேரம் நின்றது. அதன் பதிவேடான கன்சல் நெரிசலுற்றபொழுது, காரணத்தைக் காட்ட வேண்டிய கண்காணிப்புக் கருவிகளும் அதனையே நம்பியிருந்தமையால் தடைப்பட்டன. விளக்கணைந்த அறையில், விளக்கைத் தேடுவதற்கும் அதே விளக்கு வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் பணப் பரிமாற்றம், பயணச் சீட்டு, அரசாங்கச் சான்றிதழ் ஆகியவை நாளுக்கு நாள் இத்தகைய பரந்த அமைப்புகளைச் சார்ந்து வருகின்றன. இவற்றை அமைக்கும் இளம் பொறியியல் வல்லுநர்கள், துடிப்புச் செய்திக்கு எத்தனை விநாடி இடைவெளி விடுவது என்பதை வெறும் எண்ணாகக் கருதிவிடக் கூடாது. எவ்வளவு நேரம் ஐயுறுவது, ஐயம் எழுந்தபின் யாது செய்வது, தவறினால் யாருக்கு நட்டம் என்னும் மூன்றும் அவ்வெண்ணில் அடங்கியுள்ளன. ரயில் பாதைக்குப் பொருந்தும் விடை வங்கிக்குப் பொருந்தாது. வங்கிக்குப் பொருந்தும் விடை விளையாட்டிற்கு வேண்டியதில்லை. அதனைத் தேர்ந்து முடிவு செய்யும் பொறுப்பை எந்தப் பதிவேடும் ஏற்காது, அது அமைப்பவருடையதே.